காரில் பறவை எச்சம் விழுந்த தடத்தைப் போக்குவது எப்படி? தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் கார் வாங்கிவிட்டு யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: எச்சத்தைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். டிஷ்யூ பேப்பரும் வேண்டாம், சட்டைக் கையும் வேண்டாம். இதைக் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

டர்பனில் இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம்தான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், இசிபிங்கோ என்று நம் மக்கள் நிறைந்திருக்கும் பகுதிகளில் பல வீட்டு முற்றங்களில் மாமரம் நிற்கும். நாவலும் கொய்யாவும் உண்டு. தெருவோரங்களில் நேட்டால் அத்தி நிழல் விரித்திருக்கும். பழம் இருந்தால் மைனா வராமல் இருக்குமா? அதுவும் நம்மைப் போல இந்தியாவிலிருந்து வந்து இங்கே பெருகியதுதான். அப்புறம் ஹடீடா. நீண்டு வளைந்த அலகோடு புல்தரையைக் குத்திக் கிளறி மண்புழுவும் நத்தையும் தின்னும் பெரிய பறவை. விடியற்காலையில் கத்தித் தெருவையே எழுப்பிவிடும். அதன் எச்சம் சிறு புள்ளியாக விழாது, உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும். இரவில் பழந்தின்னி வெளவால்கள் கொட்டையும் சக்கையுமாகக் காரின் மேல் போட்டுவிட்டுப் போகும். வெளவால் பறவை இல்லைதான், ஆனாலும் வைத்தியம் ஒன்றே.

தைப்பூசக் காவடி வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இங்கே உச்சகட்டக் கோடை. உம்கேனி ரோடு கோவிலுக்கோ கிளேர்வுட் கோவிலுக்கோ போகிறவர்கள் நிழல் தேடி மரத்தடியில் காரை விட்டுவிட்டு, காவடி இறக்கி, சாப்பாடு முடிந்து பிற்பகலில்தான் திரும்புவார்கள். அதற்குள் பானட் மேல் விழுந்தது காய்ந்து ஒட்டியிருக்கும். பெயின்டைக் கெடுக்க அந்த நேரம் தாராளமாகப் போதும்.

என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கை தானாகவே பதமாக வேலை செய்யும்

இன்றைய கார்களில் பெயின்ட் ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். பளபளப்பைத் தருவதும் வெயிலைத் தாங்குவதும் இந்தக் கிளியர் கோட்தான். இதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அப்படியென்றால் நாம் காப்பாற்றப் பார்ப்பது முடியை விட மெல்லிய ஒரு படலத்தை. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது, போனது திரும்ப வராது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வரிசை முழுக்க இதை வைத்துத்தான். மென்மையான வழியில் தொடங்க வேண்டும், போதும் என்றவுடன் நிறுத்திவிட வேண்டும்.

எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். கூடவே செரிமான நொதிகளும் இருக்கும். இரண்டும் சேர்ந்து கிளியர் கோட்டை அரிக்கும். இதோடு வெயில் செய்யும் வேலையும் உண்டு. கோடையில் கறுப்பு பானட்டின் சூடு 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் லேசாக இளகி விரிகிறது, மாலையில் குளிர்ந்து சுருங்கி இறுகுகிறது. காய்ந்த எச்சம் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தில் மட்டும் அது சீராகச் சுருங்க முடிவதில்லை. கழுவிய பிறகும் எச்சத்தின் வடிவம் அப்படியே மேற்பரப்பில் பதிந்து தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரவுப் பனியோ தூறலோ பட்டால் காய்ந்த எச்சம் நனைந்து மறுபடியும் அரிக்கத் தொடங்கும். ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். கோடையில் பகலெல்லாம் வெயில், பிற்பகலில் இடிமழை என்ற அந்த ஊர் வானிலை இதற்கு மிகவும் தோதானது.

வண்டியின் பூட்டில் (டிக்கியில்) எப்போதும் இருக்க வேண்டியவை

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கார் ஷாம்பூ சில சொட்டுக் கலந்த தண்ணீரோடு ஒரு ஸ்ப்ரே பாட்டில், சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள் இரண்டு மூன்று, கொஞ்சம் கிச்சன் டவல், ஒரு ஜோடி மெல்லிய கையுறை. துணிகளை மூடிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள். பூட்டில் கிடக்கும் மணல் ஒட்டினால் அந்தத் துணியே கீறும். டர்பனில் திடீர் திடீரென்று குழாயில் தண்ணீர் நின்றுவிடுவதால் பாட்டில் தண்ணீர் எப்படியும் உதவும். கையுறை வெறும் அருவருப்புக்காகச் சொல்லவில்லை. எச்சத்தை வெறுங்கையால் தொடுவதும் காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் போவதும் நல்லதல்ல. அதனாலும் அதை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது.

முதல் படி: ஆறவிட்டு ஊறவைப்பது

காரை நிழலுக்குக் கொண்டுபோங்கள். பானட்டில் உள்ளங்கையை வைத்தால் சுடக் கூடாது. சூடான பெயின்ட் மேல் ஷாம்பூ பட்டவுடன் காய்ந்து, அது தன் பங்குக்கு ஒரு கறையை விட்டுவிடும்.

ஆறியதும் கிச்சன் டவலை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக நனைத்து எச்சத்தின் மேல் போர்த்துங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். காய்ந்து கெட்டியானது என்றால் நடுவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்தும் ஊறவைக்கலாம், அமிலத்தை அது மட்டுப்படுத்தும். ஆனால் சோடா துளிக்கூட மிச்சமில்லாமல் கரைந்திருக்க வேண்டும். கரையாத துகள் கீறும்.

பித்தளை விளக்கைப் பளபளப்பாக்கும் புளியும் எலுமிச்சையும் இங்கே உதவாது. அமிலம் அரித்த இடத்தில் இன்னும் அமிலம் எதற்கு? வினிகருக்கும் இதேதான். பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், சுரண்டும் கத்தி எதுவும் பக்கத்தில் வர வேண்டாம்.

இரண்டாம் படி: எடுப்பது

இங்கே தேய்ப்பது என்ற எண்ணமே வரக் கூடாது. ஊறிய டவலை இரண்டு விரலால் லேசாக அழுத்தி, அப்படியே உருட்டி, மேல்நோக்கித் தூக்குங்கள். எச்சத்தில் பெரும் பகுதி அதோடு வந்துவிடும். மிச்சத்துக்கு மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, நனைத்து, அதே மாதிரி ஒற்றி எடுங்கள். ஒரு முறை ஒற்றியதும் துணியின் புது முகத்தைத் திருப்புங்கள். பழைய முகத்தால் இன்னொரு முறை தொடாதீர்கள்.

ஏன் இவ்வளவு பதம் என்று சந்தேகம் இருந்தால், ஹடீடா எச்சத்தை எடுத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசைக்கு நடுவே மண் துகளும் நத்தை ஓட்டின் சில்லும் மினுமினுக்கும். விரலால் உருட்டினால் நறநறவென்று தெரியும். காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் இவை அத்தனையும் கிளியர் கோட்டின் மேல் கோடு போட்டிருக்கும். எச்சம் விட்ட தடத்தை விட அந்தக் கீறலைப் போக்குவதுதான் பல நேரம் பெரிய வேலையாகிவிடுகிறது.

கடைத்தெருவில் காரைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்டு சிலர் நல்லெண்ணத்தோடு கையிலுள்ள துணியால் துடைத்துவிடுவார்கள். காரை விட்டுப் போகும்போதே, துடைக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, திரும்பி வரும்போது வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கழுவிவிட்டுப் பார்ப்பது

அந்தப் பகுதி முழுவதையும் கார் ஷாம்பூவால் கழுவுங்கள். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் ஏற்கெனவே பூசியிருக்கும் மெழுகையும் உரித்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு துணியை அழுத்தாமல் ஒற்றி உலர்த்துங்கள்.

சரி, இப்போது பார்க்க வேண்டும். நேராக மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, குனிந்து பாருங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் கடைசியில் சொல்லும் மெழுகுக்கு நேராகப் போய்விடலாம். மேற்பரப்பு சமமாக இருந்து மங்கலான வளையமோ, நாவல் பழம் தின்ற பறவையின் ஊதாக் கறையோ தெரிந்தால் அது லேசான பாதிப்பு. வெளிச்சம் அந்த இடத்தில் வளைந்து, விளிம்பு புடைத்துத் தெரிந்தால் அரிப்பு உள்ளே இறங்கியிருக்கிறது. மெல்லிய வெடிப்பு வலை தெரிந்தாலோ, கிளியர் கோட் செதிலாக எழும்பினாலோ இனி அது பெயின்ட் அடிப்பவரின் வேலை.

நகச் சோதனை ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு அங்கிள், கரும்பச்சை மெட்டாலிக் கொரோலா வைத்திருப்பவர், வார இறுதி முழுக்க மரத்தடியில் விட்டிருந்த காரைக் கொண்டுவந்தார்.

“தம்பி, இது போகுமா?”

“நகத்தை வைத்து மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்க அங்கிள். அழுத்த வேண்டாம்.”

“இங்கே ஒன்றும் தட்டவில்லை. இதோ, இங்கே மட்டும் தட்டுது.”

தட்டாத இடம் கை பாலிஷிலேயே சரியானது. நகம் தட்டிய இடத்தில் ஆழம் அதிகம். அது முழுதாக மறைய வேண்டும் என்றால் கிளியர் கோட்டை அந்த ஆழத்துக்குச் சீவ வேண்டியிருக்கும் என்று சொன்னதும், கொஞ்சம் மங்கவைத்தால் போதும் என்றார் அவர். அது சரியான முடிவு என்பதே என் எண்ணம்.

நான்காம் படி: சூடு

பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேரே பாலிஷுக்குப் போய்விடுகிறார்கள். புதிய தடமாக இருந்தால், முதலில் மிதமான சூட்டை முயன்று பாருங்கள். இளகும் கிளியர் கோட் சில நேரம் தானே சமமாகி, தடத்தின் விளிம்பு அமுங்கிவிடும். சுத்தமாகக் கழுவி உலர்த்திய காரைச் சிறிது நேரம் வெயிலில் நிறுத்தினாலே பலன் தெரியலாம். இல்லையென்றால் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். பக்கத்துத் தகட்டில் கை வைக்க முடியாத அளவு சூடேறினால் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பரில் இதைச் செய்ய வேண்டாம், பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன்னும் வேண்டாம். இதில் கிளியர் கோட் கொஞ்சமும் தேய்வதில்லை. அதனால்தான் பாலிஷுக்கு முன்னால் இதைச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: கை பாலிஷ்

தொடுவதற்கு முன் உங்கள் காரில் கிளியர் கோட் இருக்கிறதா என்று பாருங்கள். மெட்டாலிக் நிறம் என்றால் பெரும்பாலும் இருக்கும். பழைய வண்டி, அதுவும் மினுமினுப்பில்லாத சாதா வெள்ளையோ சிவப்போ என்றால் இல்லாமலும் இருக்கலாம். இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிசான் 1400 பக்கியையோ (சிறிய பிக்கப் வண்டி) சிட்டி கோல்ஃப் காரையோ வைத்திருப்பவர்கள், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணியால் துளி பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு. அதில் நிறம் ஒட்டுவது சகஜம். கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஒட்டினால் கிளியர் கோட் தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள், உடனே நிறுத்துங்கள்.

கழுவிய இடத்தை விரல் நுனியால் தடவும்போது சொரசொரப்பாக இருந்தால் முதலில் கிளே பார் போடுங்கள். ஷாம்பூத் தண்ணீரை நிறைய அடித்து, களிமண் கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்கவிடுங்கள். கட்டி கீழே விழுந்தால் குப்பைக்குத்தான், எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது.

பாலிஷில் மென்மையானது ஒன்று, அழுத்தமாக அறுப்பது ஒன்று. உதிரிப்பாகக் கடைகளில் மென்மையானதை ஃபினிஷிங் பாலிஷ் என்றும் மற்றதைக் காம்பவுண்டு என்றும் கேட்டு வாங்கலாம். முதலில் மென்மையானதையே எடுங்கள். பக்கத்தில் இருக்கும் தகட்டு விளிம்புகள், மடிப்புக் கோடுகள், ரப்பர் பட்டைகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பெயின்ட் மெல்லியது, சீக்கிரம் தேய்ந்துவிடும். ஸ்பாஞ்சு பேடில் பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, தடத்தை விடக் கொஞ்சம் பெரிய பரப்பில் பூசி, நிதானமான அழுத்தத்தில் குறுக்கும் நெடுக்குமாக இருபது இழுப்பு. பிறகு சுத்தமான துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

இங்கே ஏமாறாமல் இருக்க ஒரு வழி. பாலிஷில் உள்ள எண்ணெய் பள்ளத்தை நிரப்பித் தற்காலிகமாக மறைத்துவிடும். இரண்டு மழைக்குப் பிறகு தடம் மறுபடியும் தெரியும்போது மனசு விட்டுப்போகும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரோடு கலந்து துணியில் தெளித்து ஒரு முறை துடைத்தால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

தடம் மங்கியிருக்கிறது, ஆனால் போகவில்லை என்றால் இன்னொரு சுற்று. அப்படியும் நின்றால் ஒரே ஒரு முறை காம்பவுண்டு, அதன் பிறகு அது விட்டுச்சென்ற மங்கலைப் போக்க மறுபடியும் ஃபினிஷிங் பாலிஷ். அதற்கு மேல் வேண்டாம் என்றே சொல்வேன். நான்கடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாத தடத்துக்காகக் கிளியர் கோட்டை இழப்பது சரியல்ல. அடுத்த கோடையிலும் அதே பானட்டில் எச்சம் விழத்தான் போகிறது, அன்றைக்குத் தேய்க்கக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

மெஷின் பாலிஷர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்குவதென்றால் சுழன்றுகொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன் வகையை வாங்குங்கள். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வகை பழகாத கையில் சில நொடிகளில் பெயின்டைச் சுட்டுவிடும். முதல் பயிற்சிக்கு ஸ்க்ராப் யார்டிலிருந்து ஒரு பழைய பானட் கிடைத்தால் நல்லது. 2000, 3000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கும் முறையும் உண்டு. அது அனுபவசாலிகளுக்கு மட்டும். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். முன்னால் யார் எவ்வளவு பாலிஷ் போட்டார்கள், எந்தத் தகட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்தார்கள் என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது.

அடுத்த எச்சத்துக்கு முன்

பாலிஷ் போட்ட இடம் வெறுமையாக இருக்கும். அன்றைக்கே மெழுகோ சீலன்டோ பூசிவிடுங்கள். கார்னோபா மெழுகு டர்பனின் வெயிலிலும் ஈரத்திலும் சில வாரங்களே தாங்கும். செயற்கை சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். மழையில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் பரவி நின்றால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது. செராமிக் கோட்டிங் விற்பவர்கள் எச்சம் ஒன்றுமே செய்யாது என்பார்கள், அதை நம்பிவிடாதீர்கள். நிதானமாகக் கழுவ அது கொஞ்சம் கூடுதல் நேரம் தரும், அவ்வளவுதான். பானட்டுக்கு மட்டுமாவது ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிக்கொண்டால் கெடுவது ஃபிலிம்தான், பெயின்ட் அல்ல. செலவு அதிகம், புதுக் கார் என்றால் யோசிக்கலாம்.

கார் கவர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்காற்றில் உப்பும் மணலும் படிந்த காரின் மேல் கவரைப் போட்டால், காற்றில் அது அசைந்து அசைந்து கீறும். கழுவிய காருக்கு மட்டுமே கவர், அதுவும் காற்றோட்டமுள்ள துணி.

பேனல் பீட்டரிடம் (காரின் தகட்டைச் சரிசெய்து பெயின்ட் அடிப்பவரிடம்) போக நேர்ந்தால்

கிளியர் கோட் வெடித்துவிட்டால் வீட்டு வைத்தியத்தில் காசைக் கரைக்க வேண்டாம். இரண்டு மூன்று பேனல் பீட்டர்களிடம் எழுத்தில் குவோட் (செலவு மதிப்பீடு) வாங்குங்கள். தடம் உள்ள இடத்தில் மட்டும் அடிப்பார்களா, தகடு முழுவதுமா, பக்கத்துத் தகட்டோடு நிறத்தை எப்படிச் சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். உற்பத்தியாளர் வாரன்டியில் பெரும்பாலும் பறவை எச்சத்துக்கு இடமில்லை, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பெயின்ட் குறியீட்டை நீங்களே குறித்துக்கொண்டு போங்கள். டொயோட்டாவில் பானட்டுக்கு அடியிலோ ஓட்டுநர் கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் ‘சி/டிஆர்’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் மூன்று எழுத்தும் எண்ணுமாக, அது இருக்கும்.

புதிதாக அடித்த பெயின்ட் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். எத்தனை வாரம் கழித்து மெழுகு பூசலாம் என்று அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அது சாதாரணப் பெயின்டை விட எளிதில் அரிபடும். எச்சம் விழுந்தால் அன்றைக்கே வெறும் தண்ணீரில் ஊறவைத்து ஒற்றி எடுங்கள். சோடா, பாலிஷ், சூடு எதுவும் அந்த வாரங்களில் வேண்டாம்.